தனி அடுப்பு

என் தங்கைக்கு யாரும் இல்லை என்று சர்க்கார் காகிதத்தில் எழுதியிருந்தது. அப்படி எழுத வைத்தவள் நான்தான். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. பாதி ஆபீஸ்மேல், பாதி என்மேல்.

சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு ஒரு கால் சூம்பிவிட்டது. கல்யாணம் கட்டவில்லை, என் வீட்டில்தான் இருந்தாள். ஆடு வளர்த்தே புத்தலப்பட்டுப் பக்கம் அரை ஏக்கர் மேட்டு நிலம் வாங்கினாள். எங்கள் வம்சத்தில் மண் வாங்கிய முதல் ஆள் அவள். எங்கள் நைனா அடுத்தவன் நிலத்தில் குனிந்தே செத்தார். போன வருஷம் திருப்பதி ஆஸ்பத்திரியில் அவள் கண்ணை மூடியபோது, அந்த நிலத்தைக் கேட்க மிஞ்சிய சொந்தம் நான் ஒருத்தி.

ஸ்ரீசிட்டியில் வேலை செய்யும் என் மகள், வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்றாள். நான் என் தங்கைக்கு அக்கா என்று சொல்ல மூன்றாம் மனுஷன் எதற்கு? நானே பஸ் ஏறினேன். செத்த சர்ட்டிபிகேட்டுக்குத் திருப்பதிக்கு நாலு நடை. வாரிசு சர்ட்டிபிகேட்டுக்கு மண்டல ஆபீசுக்கு எத்தனை நடை என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். ஒரு நாள் சர்வர் இல்லை, ஒரு நாள் சார் சித்தூருக்கு மீட்டிங் போய்விட்டார். கடைசியில் கிளார்க் கம்ப்யூட்டரைப் பார்த்துத் தெலுங்கில் சொன்னார்.

“அவ்வா, ஈமெக்கு எவரூ லேரு.”

அவளுக்கு யாரும் இல்லையாம். அப்படியானால் நிலம் சர்க்காருக்குத்தான் போகும் என்றும் சொன்னார், டீ சொல்வதுபோல.

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. ஒண்டிப் பெண்களுக்குப் பென்ஷன் வந்த காலம். அதற்குத் தனி ரேஷன் கார்டு வேண்டும், தனி கார்டுக்குத் தனி அடுப்பு இருக்க வேண்டும் என்றார்கள். ஊரே செய்ததை நானும் செய்தேன். கொல்லையில் மண் குழைத்து ஓர் அடுப்புப் போட்டேன். பார்க்க வந்த ஆபீசருக்கு அதில்தான் அவள் டீ வைத்தாள். பார்த்துக்கொள்ள யாராவது உண்டா என்று அவர் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரிபோல நின்றிருந்த என்னை அவள் பார்த்தாள். நான் கண்ணைக் காட்டினேன். யாரும் இல்லை என்று சொல்லிக் கைரேகை வைத்தாள்.

அவர் போனதும் என் சட்டிக் களிக்குத்தான் உட்கார்ந்தாள்.

“யாருமில்லாதவ இப்ப யாரு வூட்டுக் களிய துன்னுக்கினு கீறேன், அக்கா?” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஆபீஸ் வாசலில் அர்ஜி மனு எழுதுகிற ஆள் வழி சொன்னார். சண்டை போட்டுப் பிரிந்தோம், சாகும்போது சேர்ந்துகொண்டோம் என்று எழுதினால் சுலபமாம். என் தங்கையோடு நான் ஒரு வேளைகூடப் பேசாமல் இருந்ததில்லை. செத்தவள்மேல் இரண்டாவது பொய்யையும் ஏற்றவா? நான் சொல்வதை மட்டும் எழுது என்றேன். அடுப்புக் கதையையே எழுத வைத்து, இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

விசாரிக்க ஓர் இளவயசு கிராம அதிகாரி, வி.ஆர்.ஓ., வந்தார். பென்ஷனுக்காக அன்றைக்கு அவளுக்கு யாரும் இல்லை என்று சாட்சி சொன்ன பக்கத்து வீட்டுக்காரிகள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். தனி அடுப்பு எங்கே என்று கேட்டார். கொல்லைக்குக் கூட்டிப்போனேன். அடுப்புக்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

“ஒரே தபாதான் பத்த வெச்சது. ஒங்க ஆபீசருக்கு டீ போட. அப்பலேர்ந்து கோழிதான் குடித்தனம்” என்றேன்.

அப்படியென்றால் சர்க்காரை ஏமாற்றினீர்களா என்று கேட்டார்.

“ஆமா, எழுதிக்கோ நைனா. அவளுக்கு யாருமில்லன்னு மட்டும் இன்னொரு தபா எழுதாத.”

அவர் கோழியோடு சேர்த்து அடுப்பைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

அதற்கப்புறமும் மூன்று மாசம் அலைய விட்டார்கள். வாங்கின பென்ஷனைத் திருப்பிக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வரும் என்று பயமுறுத்தினார்கள். வரட்டும். சர்ட்டிபிகேட்டைக் கையில் கொடுத்தபோது, தெலுங்கு எனக்குப் படிக்கத் தெரியாது, என்ன உறவு என்று போட்டிருக்கிறது, படி என்றேன். அதே கிளார்க் முணுமுணுத்தார். எனக்குக் கேட்கவில்லை. சத்தமாகப் படி என்றேன்.

“அக்க” என்று படித்தார்.

வரிசையில் நின்றவர்கள் சலித்துக்கொண்டார்கள். இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன்.