ஒரு மடக்குத் திராட்சரசம்

குடிகாரன் வாயிலிருந்து வருவதைச் சாராய நாற்றம் என்று சொல்பவர்கள், குடிகாரனோடு குடும்பம் நடத்தாதவர்கள். சாராயம் மட்டும் என்றால் ஆஸ்பத்திரியில் ஊசி போடுமுன் தடவும் ஸ்பிரிட் போலத்தான் வீசும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். என் வீட்டுக்காரர் மேல் அடித்தது வேறு. முட்டைப் புரோட்டா, பாக்கு, வியர்வை, வயிற்றில் பாதி செரித்துப் புளித்துத் திரும்பி வந்த ஊறுகாய் எல்லாம் சேர்ந்த வாடை அது. தலையணை உறையை வெந்நீரில் சோடா உப்புப் போட்டு ஊறவைத்தும் போகாது. அவர் படுத்து எழுந்த பாயை நான் கையால் தொடமாட்டேன், காலால்தான் சுருட்டுவேன்.

நாங்கள் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். இருவருக்கும் வேலை இராஜபாளையத்தில். அவர் ஒரு நூல் மில்லில் பிட்டர், நான் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் செக்கிங். காயத்துக்குக் கட்ட நாங்கள் சுருட்டி அனுப்பும் காஸ் துணி எந்தெந்த ஊருக்கோ போகிறது. என்னைக் கேட்டால், குடித்துவிட்டு விழுந்தவன் மண்டைக்குத்தான் பாதி போகும் என்பேன். அப்படி ஒரு சுருளை என் வீட்டுக்காரர் நெற்றியிலேயே சுற்றியிருக்கிறேன். போதையில் பீரோவைக் கழிப்பறை என்று நினைத்துத் திறந்து நின்றவர், திரும்பும்போது அதன் கதவிலேயே மோதிக்கொண்டார். என் கல்யாணப் பட்டு அந்தப் பீரோவில் இருந்தது. அதை நான் துவைக்கவில்லை, எரித்தேன்.

இவ்வளவு அருவருப்புக்கு நடுவிலும் வருஷம் தவறாமல் நான் ஆசையாகச் செய்த வேலை ஒன்று உண்டு. எங்கள் கிறிஸ்தவ சபையில் அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்துக்குத் திராட்சரசம் போடுவது. கம்பத்துப் பன்னீர்த் திராட்சையை வாங்கிக் கழுவி, ஒரு பொட்டு ஈரமில்லாமல் துடைத்து, பெரிய பீங்கான் ஜாடியில் போட்டு மசிப்பேன். சர்க்கரை, ஈஸ்ட், ஒரு கைப்பிடி கோதுமை, நாலு கிராம்பு. தினமும் ஜெபம் பண்ணிவிட்டு மரக்கரண்டியால் ஒரு கிண்டு. மூன்று வாரத்தில் நுரைத்து அடங்கிவிடும். எங்கள் கம்பெனி காஸ் துணியை நாலாக மடித்து வடிகட்டிப் பாட்டிலில் ஊற்றி வைப்பேன். நாளாக நாளாக வீரியம் ஏறும். மூடியைத் திறக்கும்போது வருகிற வாசனையை மூச்சு முட்ட இழுத்துக்கொள்வேன். கோயில் வாசனை என்றுதான் அதற்கு என் மனதில் பெயர். புளித்த வாடைக்கு முகம் சுளிக்கிற மூக்கும் இதே மூக்குதான் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பான லெந்து தொடங்கும் சாம்பல் புதன் அன்று, ஒவ்வொரு வருஷமும் என் வீட்டுக்காரர் குடியை விடுவார். பத்தாம் நாள் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கால் பின்னும். நாய் வாலை நிமிர்த்த முடியுமா என்று நானும் விட்டுவிட்டேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கொஞ்சம் வேறு மாதிரி பேசினார். “இந்தத் தடவ நாப்பது நாளும் தாண்டுவேன். ஈஸ்டருக்குத் திருவிருந்து எடுப்பேன், பாரு” என்றார். அவர் திருவிருந்துப் பாத்திரத்தைத் தொட்டுப் பல வருஷங்கள் ஆகியிருந்தன. குடித்த வாயோடு எப்படி எடுப்பது என்று, திருவிருந்து ஆரம்பிக்கும்போதே எழுந்து வெளியே போய்விடுவார். அந்த ஒரு மரியாதை மட்டும் அவரிடம் மிச்சமிருந்தது.

நான் நம்பவில்லை. டவுன் பஸ்ஸில் என் சீட்டுக்கு நேர் எதிரே ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது: அவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சந்துக்குள் இருந்த அந்த ஆளைத் தேடிப் போனேன். வைத்தியர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். பல்லெல்லாம் காவி. மூலிகை என்று சொல்லி வெள்ளைப் பொடியைத் தாளில் மடித்துக் கொடுத்தார். “கொழம்புல கலந்துருங்க. பொறவு சாராயம் எந்த ரூபத்துல உள்ள போனாலும் கொடலப் பொரட்டிரும்” என்றார்.

சாம்பல் புதனுக்கு மறுநாளிலிருந்து அவர் தட்டில் ஊற்றும் குழம்பில் ஒரு சிட்டிகை. வீட்டிலிருந்த இருமல் மருந்தைக் கொட்டினேன். கை துடைக்கும் சானிடைசரைத் தூக்கி எறிந்தேன். சவரம் செய்துவிட்டுத் தடவும் லோஷனைக்கூட விடவில்லை. எல்லாவற்றையும் யோசித்தேன் என்று எனக்கே என் மேல் ஒரு பெருமை.

பத்தாம் நாள் தாண்டியது. இருபது தாண்டியது. அவர் முகத்தின் வீக்கம் வற்றியது. காலையில் கை நடுங்காமல் சட்டைப் பொத்தானைப் போட்டார். “ஏட்டி, இன்னிக்கு முப்பத்தி ரெண்டு” என்று சின்னப் பிள்ளை மாதிரி விரல் விட்டுச் சொல்வார். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். பொடிக்காரன் கெட்டிக்காரன்தான்.

ஈஸ்டர் அதிகாலை ஆராதனைக்கு வெறும் வயிற்றோடு போனோம். அவர் புது வெள்ளைச் சட்டையில் ஆண்கள் பக்கம் முழங்கால் போட்டார். மற்றவர்கள் உதட்டை நனைக்கிற இடத்தில் அவர் கண்ணை மூடி ஒரு மடக்கு நன்றாகவே குடித்தார். கண்ணீரில் முகம் நனைந்து எழுந்து வந்ததை நான் பார்த்தேன்.

கடைசிப் பாட்டு பாடிக்கொண்டிருக்கும்போது அவர் கழுத்து சிவந்தது. பிறகு காது, கண். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். எழுந்து வெளியே போக நினைத்துத் தள்ளாடி, நடுவழியிலேயே குனிந்து வாந்தி எடுத்தார். சற்று முன் வாங்கிய அப்பமும் ரசமும் செந்நிறக் கூழாகத் தரையில் கிடந்தது. பாட்டு நின்றுவிட்டது. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள். “குடிச்சிட்டுக் கோயிலுக்கே வந்துட்டான்” என்று யாரோ சொன்னார்கள்.

நானும் அதைத்தான் நினைத்தேன். காலையிலேயே எங்கோ ஒளித்துவைத்துக் குடித்திருக்கிறார், பொடி பிடித்துவிட்டது என்று ஒரு நொடி சந்தோஷம்கூடப் பட்டேன். அதை இப்போது எழுதும்போது எனக்கே என்னைக் குமட்டுகிறது. அவர் என் பக்கம் கையை நீட்டினார். “நான் குடிக்கலட்டி.”

நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓரடி பின்னால் போனேன். “கோயில்ல நின்னு பொய் சொல்லாதீங்க” என்றேன். எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். அப்போதுதான் அவர் சரிந்து விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போயிருந்தது. சின்ன வயது டாக்டரம்மா அவருக்குக் குளுகோஸ் ஏற்றிவிட்டு என்னிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டார். அவர் கண்ணில் படாமலிருக்க எப்போதும் என் பையிலேயே வைத்திருந்த பொடி மடிப்பை எடுத்துக் காட்டினேன். டாக்டரம்மா முகம் மாறிவிட்டது.

“இது மூலிகையா? இங்கிலீஷ் மாத்திரையை இடிச்சுத் தூளாக்கிக் கொடுத்திருப்பான். டாக்டர் பார்த்து, குடிக்கிறவருக்கும் தெரிஞ்சுதான் கொடுக்கணும். நம்ம ஈரல் சாராயத்தை முதல்ல ஒரு விஷமா மாத்தி, அப்புறம்தான் அந்த விஷத்தை உடைக்கும். இந்த மருந்து உடைக்கவிடாது. விஷம் உடம்பிலேயே நிக்கும். ஆளே போயிருவாரு. இன்னைக்கு என்ன குடிச்சாரு?”

“ஒண்ணும் குடிக்கலன்னு சொல்லுதாவ. காலைல இருந்து பச்சத்தண்ணிகூட இல்ல. திருவிருந்து ரசம் மட்டும்தான்.”

“அது கடையில வாங்கினதா?”

“இல்ல, நாந்தான் போட்டேன். ஈஸ்ட் போட்டு மூணு வாரம்...” சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது.

டாக்டரம்மா திட்டவில்லை. “எத்தனால் எத்தனால்தாம்மா. கோயில் எது, கடை எதுன்னு அதுக்குத் தெரியாது” என்றார். “இன்னொண்ணும் கேட்டுக்கோங்க. இந்த மருந்து குடிக்கிற ஆசையைப் போக்காது. குடிச்சா மட்டும்தான் இப்படிக் காட்டும். இத்தனை நாளில் ஒரு தடவையும் காட்டலைன்னா, அவர் ஒரு சொட்டும் தொடலைன்னு அர்த்தம். அவராத்தான் விட்டிருக்கார்.”

கட்டிலில் அவர் கண்ணை மூடிக் கிடந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். டாக்டரம்மா போனதும் கண்ணைத் திறக்காமலே கேட்டார். “எத்தன நாளாப் போடுத?”

“லெந்து தொடங்கின மறுநாள்ல இருந்து.”

அவர் கண்ணைத் திறந்தார். “அப்ப நானா விடலியா?”

“நீங்களாத்தான் விட்டிய. டாக்டரம்மா சொன்னாவல்ல” என்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வீட்டுக்கு அழைத்துவரும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “சபையில நீ எந்திரிச்சுச் சொல்லிரு. நான் குடிச்சிட்டு வரலன்னு.”

அடுத்த ஞாயிறு, அவரவர் வாழ்க்கையில் நடந்ததைச் சபை முன் சாட்சியாகச் சொல்லும் நேரத்தில் எழுந்தேன். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தெரியாமல் பொடி கலந்தேன், நான் போட்ட ரசத்தில்தான் அவர் விழுந்தார் என்று சொல்ல வேண்டும். குடிகாரனைச் சுமக்கும் பொறுமைசாலி என்று இந்தச் சபை எனக்குக் கொடுத்திருந்த பெயர் அந்த ஒரு வாக்கியத்தோடு போய்விடும். “அவியளுக்கு ஒரு மருந்து ஒத்துக்கல. குடிச்சிட்டு வரல” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அந்த மனுசன் குடிய எம்புட்டுத்தான் மறைப்ப, பாவம்” என்று காதில் சொன்னாள். நான் அந்தக் கையை உதறவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து அவர் எழுந்து போகும் சத்தம் கேட்டது.

நான் வீட்டுக்கு வந்தபோது அடுப்பில் அவரே உலை வைத்திருந்தார். நான் கரண்டியை வாங்கப் போனேன். “வேண்டாம். ஒங்கையால தின்ன முடியல. கொமட்டுது” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். அதே குரலில்தான் எத்தனையோ வருஷம் நான் அவரிடம் பேசியிருக்கிறேன்.

அதன் பிறகு நான் ரசம் போடவில்லை. கோயிலில் காரணம் கேட்டார்கள், கை வலி என்றேன். அவர் இன்றுவரை குடிக்கவில்லை, கோயிலுக்கும் வரவில்லை. மில்லிலிருந்து வந்து கைகால் கழுவிவிட்டுத் தன் சோற்றைத் தானே வடிக்கிறார். ஒரு துவையல், ஒரு ரசம். வடித்ததில் எனக்கும் ஒரு தட்டு போட்டு மூடிவைக்கிறார். அதில் என்ன கலந்திருக்கிறது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. உட்கார்ந்து முழுவதும் சாப்பிடுகிறேன்.