கடல் யாருக்குச் சொந்தம்

எனக்குப் பதினொரு வயதாயிருந்தபோது, பல்கலைக்கழகத்துக் கலைப்பீடத்திலிருந்து ஓர் அக்கா சனிக்கிழமைதோறும் மீன்பிடி ஊரான மயிலிட்டியில் உள்ள எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வரத் தொடங்கினார். மெய்யியல் படிக்கும் மாணவி. ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளுக்கு விவாதிக்கப் பழக்குவது அவர்களுடைய பீடம் எடுத்திருந்த வேலை. வீட்டில் நான் எதிர்த்துக் கதைத்தால் வாய்க்காரி என்பார்கள். இந்த அக்காவோ, "ஏன் அப்பிடி நினைக்கிறீர், இன்னும் சொல்லும்" என்று கேட்டு, நான் சொன்னதைக் கரும்பலகையில் எழுதினார். என் வாயிலிருந்து வந்த ஒன்று கரும்பலகையில் ஏறியது அதுதான் முதல் தடவை. அன்று வீட்டுக்கு நடந்து போனதாக ஞாபகம் இல்லை. ஓடித்தான் போயிருப்பேன்.

இரண்டு மாதம் கழித்து, பல்கலைக்கழகத்திலேயே ஒரு விவாதம் வைக்கப்போவதாக அக்கா சொன்னார். பெற்றோரும் வரலாம். எங்கள் பக்கத்திலிருந்து நான், கரவெட்டியிலிருந்து ஒரு பையன். கடல் யாருக்குச் சொந்தம் என்பது தலைப்பு. கரையில் வாழ்பவர்களுக்கே என்று ஒருவரும், எல்லோருக்கும் பொது என்று மற்றவரும் பேச வேண்டும். சீட்டுக் குலுக்கினார்கள். எனக்கு வந்தது 'எல்லோருக்கும் பொது'.

வீட்டில் காட்டக்கூடிய சீட்டு அல்ல அது. அப்பா கடற்றொழிலாளர் சங்கத்தின் செயலாளர். அக்கரையிலிருந்து வரும் இழுவைப் படகுகள் எங்கள் கடலை வழித்துக்கொண்டு போகின்றன என்று கோரிக்கை மகஜர் எழுதுவதும், அதை அரசாங்கக் கந்தோர் கந்தோராகக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர்தான். முந்தின கிழமைதான் எங்கள் வலையையும் ஒரு படகு அறுத்துக்கொண்டு போயிருந்தது. மிஞ்சிய பாதியை முற்றத்தில் விரித்துப்போட்டு, அப்பா பழுது பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் தலைப்பை மட்டும் சொன்னேன். எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை. மயிலிட்டிப் பெட்டை வேறெந்தப் பக்கம் பேசுவாள்? அன்றிலிருந்து சாப்பிட உட்காரும்போதெல்லாம் அப்பா எனக்கு விசயம் எடுத்துக்கொடுக்கத் தொடங்கினார். இழுவைப் படகின் மடிவலை மீனோடு குஞ்சையும் முட்டையையும் சேர்த்து அள்ளுவது, கடலடி பாழாகிப்போவது, படகுகள் வரும் நாட்களில் எங்கள் ஆட்கள் கரையில் சும்மா இருப்பது. நான் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டேன். பிறகு உள்ளே போய்க் கொப்பியைத் திறந்து ஒவ்வொன்றுக்கும் மறுமொழி எழுதினேன். துரோகம் என்றெல்லாம் தோன்றவில்லை. எதிராளி சொல்லப்போவது முழுவதும் முன்கூட்டியே கிடைக்கும் அதிர்ஷ்டம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? எழுத எழுத என் பக்கம்தான் நியாயம் என்று படத் தொடங்கியது. குளிக்கும்போதும் பேசினேன், கோழிக்குத் தீன் போடும்போதும் பேசினேன்.

அப்பாவோ சங்கத்து ஆட்களிடம், "என்ரை மோள் எங்களுக்காகக் கம்பசிலை கதைக்கப்போறாள், வாங்கோ" என்று சொல்லி வாடகைக்குப் பிடித்த ஒரு வானையே நிறைத்துவிட்டார். பதினான்கு பேர். எல்லோரும் தலை தோய்ந்து, மடிப்புக் கலையாத சேட்டுடன் வந்து ஏறினார்கள்.

அப்படியொரு மண்டபத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. கதிரைகள் படிப்படியாக மேலே ஏறிப் போயின. எங்கே நின்று பேசினாலும் எல்லா முகமும் தெரிந்தது. ஒலிவாங்கியில் யாரோ தட்டிப் பார்த்தார்கள். கரவெட்டிப் பையன் வெங்காயத் தோட்டம் செய்கிற வீட்டுப் பிள்ளை. என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு, "இழுவைப் படகு எண்டா எதை இழுக்கும்?" என்று கேட்டான். பாவமாயிருந்தது, விளக்கினேன்.

அவன்தான் முதலில் பேசினான். மீனவர்களுக்காக அவன் வாதாடுவதைக் கேட்டு எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள். தட்டி முடிந்ததும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படியென்றால் செயலாளரின் மகள் எந்தப் பக்கம்?

நான் எழுந்தேன். மீனுக்கு ஊர் உண்டா என்று கேட்டேன். பருவம் மாறினால் எங்கள் ஆட்களே கிழக்குக் கரைக்குப் போய் வாடி போட்டுத் தங்கித் தொழில் செய்வதில்லையா என்று கேட்டேன். அப்பா தந்த ஒவ்வொரு நியாயத்தையும் எடுத்து எடுத்து உடைத்தேன். மண்டபம் என் கைக்குள் இருப்பது எனக்கே தெரிந்தது. அந்த உற்சாகத்தில், கொப்பியில் எழுதியிராத, அம்மா எப்போதோ சொல்லியிருந்த ஒன்று வாயில் வந்தது.

"என்ரை அப்பா கலியாணம் கட்ட முதல், எஞ்சின் நிண்டுபோய் மூண்டு நாள் இழுபட்டு அக்கரையிலை ஒதுங்கினவர். அங்கத்தை மீனவர்தான் கஞ்சி குடுத்து, எஞ்சினையும் திருத்தி அனுப்பினவை. கடல் தங்களுக்கு மட்டும் எண்டு அவை நினைச்சிருந்தா, நான் பிறந்திருக்க மாட்டன்."

பதினான்கு தலைகளும் அப்பா பக்கம் திரும்பின. அப்பா மடியில் கையை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தக் கைகளை எடுத்துத் தட்டினார். கொஞ்ச நேரம் அந்த ஒரு சோடிக் கை மட்டுமே கேட்டது. அதற்குப் பிறகுதான் மற்றவர்கள்.

நடுவர்கள் வெற்றி எனக்கே என்றார்கள். அக்கா என்னைக் கட்டிப்பிடித்தார். கரவெட்டிப் பையன் தேநீரோடு தந்த றோல்சில் தன் பங்கில் பாதியைப் பிய்த்துத் தந்தான். உலகத்தில் அதற்கு மேல் எதுவும் இல்லை என்றிருந்தது எனக்கு.

திரும்பி வரும்போது வானில் முன்னுக்கு இருந்த ஒரு மாமா, "உந்தக் கதையை நீ எங்களுக்கு ஒருநாளும் சொல்லேல்லையே" என்றார்.

"ஓம், சொல்லேல்லை" என்றார் அப்பா. பிறகு, "பெட்டை பொய் சொல்லேல்லை" என்றார்.

அடுத்த மகஜரில், அக்கரை மீனவர்களோடு எங்களுக்குப் பகை இல்லை, அந்த இழுவை மடிதான் பகை என்று அப்பா ஒரு வரி சேர்த்தாராம். அந்த வரிக்காகச் சங்கத்தில் இரண்டு கூட்டம் சண்டை நடந்ததாம். மூன்று பேர் கையெழுத்து வைக்காமல் எழுந்து போனார்களாம். இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு அறிந்தது.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் நான் வென்றது மட்டும்தான். வானிலிருந்து குதித்து, குசினிக்குள் ஓடினேன்.

"அம்மா, நான் வெண்டிட்டன். அப்பாதான் பாவம், விசயம் விளங்காமல் முதல் ஆளாக் கை தட்டிப்போட்டார்."

அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்தி, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அப்பாவை ஒருமுறை பார்த்தார்.

"ஓம், கொப்பருக்கு உதுகள் விளங்காது" என்றார்.

நானும் அதை அப்படியே நம்பினேன்.