அம்மா கேட்டது

கிறிஸ்மஸ் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, காலை ஆராதனைக்குப் போகிற வழியில் அம்மா ஒயின் ஷாப் வாசலில் நின்ற காட்சிதான். மந்தைவெளி மார்க்கெட்டைத் தாண்டியதும் இருந்த கடை அது. ஷட்டர் பாதி ஏறியிருக்கும். அம்மா புதுச் சேலையின் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பைபிளையும் பாட்டுப் புத்தகத்தையும் நெஞ்சோடு அணைத்தபடி குனிந்து உள்ளே பார்ப்பாள். முந்தின நாள் சாயங்காலம் வெளியே போன அப்பா சில வருடங்களில் அங்கே பெஞ்சில் கிடப்பார். "அண்ணே, சர்ச்சு முடிஞ்சதும் வந்து இட்டுக்கினு போறேன், அதுவரைக்கும் கொஞ்சம் பாத்துக்குங்க" என்று கடையைக் கழுவுகிற ஆளிடம் சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா வேகமாக நடக்கத் தொடங்குவாள். பாடகர் குழுவில் தாழ்ந்த ஸ்தாயியில் பாடுகிற பெண்களின் இரண்டாம் குரலை அவள்தான் தாங்கிப் பிடிக்க வேண்டும். அவள் தாமதமாகப் போனால் மற்றவர்கள் முதல் குரலோடு இழுபட்டுப் போய்விடுவார்கள் என்று சொல்லிக்கொண்டே வருவாள். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தையும் வராது.

அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக். ஒரே வாசலுக்குள் பல குடித்தனங்கள் இருந்த வீட்டில் எங்களுக்கு ஓர் அறையும் ஒரு சமையல்கட்டும். அம்மா ரவிக்கை தைத்தாள். டிசம்பர் வந்தால் அவளுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. கச்சேரி சீசனுக்காக மயிலாப்பூர் மாமிகள் பட்டுத் துணிகளைக் கொண்டுவந்து குவித்துவிட்டுப் போவார்கள். அதையெல்லாம் முடித்த பிறகுதான் எனக்கு வாங்கிய துணியில் கத்திரி படும். இதற்கு நடுவில் அச்சு முறுக்கு, கலகலா, அதிரசம் எல்லாம் சுட்டு எவர்சில்வர் டப்பாக்களில் அடைத்து வைப்பாள். தீபாவளிக்கு எங்களுக்குத் தட்டு கொடுத்த எல்லா வீட்டுக்கும் கிறிஸ்மஸுக்குத் தட்டு போயாக வேண்டும். மாதத் தொடக்கத்திலேயே காகித நட்சத்திரத்தை வாசலில் கட்டிவிடுவாள். ஒரு வருடம் போதையில் வந்த அப்பா அதைக் கையால் அடித்துக் கிழித்தார். மறுநாள் அம்மா பசை காய்ச்சி ஒட்டி, அதே ஆணியில் மறுபடி தொங்கவிட்டாள். உள்ளே பல்பு எரியும்போது ஒட்டுப் போட்ட இடம் மட்டும் கறுப்பாகத் தெரியும்.

தினமும் விடிந்ததும் அடுப்புக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில் இருந்த இடத்தில் முழங்கால் போட்டு ஜெபிப்பாள். நான் படுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். என் படிப்பு, வாடகை, அவளுடைய சர்க்கரை வியாதி எல்லாம் அதில் ஓரிரண்டு வார்த்தைகளில் வந்து போகும். மற்றதெல்லாம் அப்பாதான். "ஆண்டவரே, இந்த மனுஷனை மாத்துங்க. இந்தக் குடி அவரை வுட்டுப் போவட்டும். அவரும் உம்ம சமுகத்துல வந்து உக்காரட்டும். எனக்கு வேற எதுவும் வாணாம்." எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அவள் இதைத்தான் கேட்டாள். அடி வாங்கிய மறுநாளும் இதையேதான், அதே குரலில் கேட்டாள்.

நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தபோது அது நடந்துவிட்டது. டிப்போவில் கூட வேலை செய்த ஒருவர் அப்பாவைக் கொட்டிவாக்கத்தில் ஒரு சபைக்கு அழைத்துப் போனார். கடற்கரைக்குப் பக்கத்தில், சவுக்குத் தோப்பை ஒட்டி, மணல் தரையில் போட்ட கீற்றுக் கொட்டகை. போன முதல் நாளே அப்பா அங்கே விழுந்து அழுதாராம். அதற்குப் பிறகு அவர் குடிக்கவில்லை. இன்றுவரை குடிக்கவில்லை. சம்பளத்தைக் கவரோடு அம்மாவிடம் கொடுத்தார். அம்மாவை அடிப்பதில்லை. சாயங்காலம் குளித்துவிட்டு, வாசலில் பைபிளோடு உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். அந்தச் சில மாதங்களில் அம்மா முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன்போ பின்போ பார்த்ததில்லை. மெஷினை மிதித்துக்கொண்டே பாடுவாள். கோயில் வாசலில் பூ விற்கிற பக்கத்து வீட்டு அக்காவிடம், "நான் கேட்டேன், அவர் குடுத்தாரு" என்று ஒவ்வொரு நாளும் சொன்னாள்.

அந்த டிசம்பரில் அம்மா புது நட்சத்திரம் வாங்கி வந்து கட்டினாள். வேலை முடிந்து வந்த அப்பா ஸ்டூல் போட்டு ஏறி அதை அவிழ்த்தார். கிழிக்கவில்லை. மடிப்பு கலையாமல் ஒவ்வொரு முனையாக மடித்து, குப்பைக் கூடைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"கிறிஸ்மஸ் கொண்டாடச் சொல்லி பைபிள்ல எங்க கீது, காட்டு பாப்போம்" என்றார். குரலில் கோபமே இல்லை. "இதெல்லாம் உலகம். கர்த்தருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு, மாவு பிசைவதற்கு எடுத்து வைத்திருந்த தாம்பாளத்தைத் திரும்ப மேல்தட்டில் வைத்தாள்.

"ஆம்பளை சொல்லுது, வுடு. குடிக்காத இருக்கறாரே, அது போதாதா?" என்று இரவுச் சாப்பாட்டின்போது என்னிடம் மெதுவாகச் சொன்னாள். அந்த வருடம் எந்த வீட்டுக்கும் தட்டு போகவில்லை. பூக்கார அக்கா வாசலில் நின்று, "இன்னாக்கா, உங்க சாமி பொறந்த நாளுக்கு ஒரு ஸ்டாரு கூட இல்ல?" என்று கேட்டபோது அம்மா ஏதோ தலைவலி என்றாள்.

கிறிஸ்மஸ் அன்று எங்களை அப்பா கொட்டிவாக்கத்துக்கு அழைத்துப் போனார். உலகம் கொண்டாடுகிற நாளில் அந்தச் சபையில் உபவாச ஜெபம். அடையாறில் பஸ் நின்றபோது, புதுத் துணி போட்ட பிள்ளைகள் பெற்றோர் கையைப் பிடித்துக்கொண்டு சர்ச்சுக்குப் போவதை அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கொட்டகையில் ஆண்கள் ஒரு பக்கம், வெள்ளைச் சேலையில் பெண்கள் ஒரு பக்கம். அப்பாவைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்ததும் அவர் வேறு ஆளாகிவிட்டார். நன்றாகப் பேசினார், அதையும் சொல்லத்தான் வேண்டும். தான் குடித்ததை, விழுந்து கிடந்ததை, கை நீட்டியதை எல்லாம் ஒளிக்காமல் சொன்னார். அதற்குப் பிறகு, "எங்க வூட்லயும் கிறிஸ்மஸ் உண்டு. கேக்கு உண்டு, ஸ்டாரு உண்டு, புதுத்துணி உண்டு. கர்த்தர் மட்டும் இல்ல. என் சம்சாரம் வெறும் பேர்க் கிறிஸ்தவ. எனக்காக அழுவறதுக்கு அந்த வூட்ல ஒரு ஆத்துமா இல்ல. இந்த சபைதான் எனக்காக அழுதது" என்றார்.

கொட்டகை முழுவதும் கைதட்டிற்று. நான் அம்மாவைப் பார்த்தேன். அவளும் மற்றவர்களோடு சேர்ந்து "ஆமென்" என்றாள். அவளுடைய முழங்கால்களில், சமையல்கட்டின் கடப்பைக் கல் தரையில் அழுந்தி அழுந்திக் காய்த்துப் போன இரண்டு கறுப்புத் திட்டுகள் இருந்தன. அதைப் பார்த்த ஒரே ஆள் நான்தான். எழுந்து நின்று கத்த வேண்டும் போல் இருந்தது. அம்மா என் தொடையில் கை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். திரும்பும்போது பஸ் திருவான்மியூரைத் தாண்டியதும் அம்மா என் பக்கம் திரும்பி, "நல்லாத்தான் பேசினாரு இல்ல?" என்றாள்.

அதன் பிறகு ஒவ்வொன்றாகப் போயிற்று. பழைய சர்ச்சில் பாடகர் குழுவை விட்டு நின்றாள். இரண்டொரு முறை வந்து கூப்பிட்டுப் பார்த்த ஆயரும் வருவதை நிறுத்திவிட்டார். கல்யாணத்தில் பாட்டி அவளுக்குப் போட்டு அனுப்பிய கம்மல் கொட்டகைக்கு ஓடு போடுவதற்காகப் போயிற்று. காதுத் துளை தூர்ந்துவிடாமல் இருக்கத் துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி ஒடித்துச் செருகிக்கொண்டாள். நகை ஆசையே கூடாதென்று அதையும் அப்பா எடுக்கச் சொன்னார். குடித்துக்கொண்டிருந்த காலத்தில் அப்பாவிடம் எங்களுக்கு இருட்டிய பிறகுதான் பயம். இப்போது நாள் முழுவதும் பயமாக இருந்தது. சத்தம் போடாத, கை ஓங்காத, எப்போதும் சரியாகவே இருக்கிற ஒருவரிடம் எதைச் சொல்லிச் சண்டை போடுவது? யாரிடம் போய் முறையிடுவது? உறவினர்கள் எல்லோரும், "உங்கம்மா பாக்கியசாலிம்மா, அவ ஜெபம் வீண்போகல" என்றார்கள்.

அந்தச் சபையில் மருந்து சாப்பிடுவது அவிசுவாசம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முடிந்ததும் அப்பா அம்மாவைக் கடற்கரைக்கு நடத்திக்கொண்டு போனார். பாஸ்டரும் இன்னும் சிலரும் கூட வந்தார்கள். அப்பா சட்டைப் பையிலிருந்து அம்மாவின் சர்க்கரை மாத்திரை அட்டைகளை எடுத்து அவள் கையில் வைத்தார். "என்னை வுடுவிச்சவரு உன்னை வுடுவிக்க மாட்டாரா? போடு" என்றார். அம்மா அலை கால் நனைக்கும் இடம் வரை போய் வீசினாள். காற்று எதிர்க்காற்று. அட்டைகள் தண்ணீரில் விழாமல் ஈர மணலிலேயே விழுந்தன. அவள் குனிந்து பொறுக்கி மறுபடியும் வீசினாள். எல்லோரும் பாட ஆரம்பித்தார்கள்.

ஒரு வருடத்துக்கும் மேல் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதையும் அப்பா சாட்சியாகச் சொன்னார். பிறகு செருப்பு வார் கடித்துக் கால் பெருவிரலில் ஒரு புண். அது ஆறவில்லை. பழைய துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு மெஷினை மிதித்தாள். வீட்டுக்குள் ஒரு வாடை வரத் தொடங்கியது. சபையிலிருந்து வந்து எண்ணெய் பூசி ஜெபித்துவிட்டுப் போனார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் அழுதபோதெல்லாம் அம்மா, "அப்பா மனசு உடைஞ்சிடும்டி. திரும்பவும் பழையபடி கடைக்குப் போயிட்டாருன்னா?" என்றாள். அவளுடைய பயம் முழுவதும் அதுதான். தன் கால் அழுகிக்கொண்டிருந்தபோதும் அவள் காவல் காத்தது அவருடைய குடியைத்தான்.

கடைசியில் காய்ச்சல் ஏறி அம்மா பிதற்ற ஆரம்பித்த ஒரு காலையில் பூக்கார அக்கா உள்ளே வந்தாள். டிப்போவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பாவின் முகத்துக்கு நேராக நின்று, "யோவ், இன்னாய்யா மனுஷன் நீ? நீ குடிச்சிக்கினு இருந்தப்பவே மேலு. அப்போ அடிச்சா அக்கா ஆஸ்பத்திரிக்காவது போய்க்கினு இருந்துச்சு" என்றாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு உதடுகளை அசைத்தார். அக்காவும் நானும் அம்மாவைத் தூக்கி ஆட்டோவில் வைத்தோம்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இன்னும் முன்னால் கொண்டுவந்திருந்தால் விரலோடு போயிருக்கும் என்றார் டாக்டர். சாயங்காலம் அப்பா வார்டுக்கு வந்தார். கட்டிலின் பக்கத்தில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். அது பொய் அழுகை இல்லை. அழுது முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உனக்கு விசுவாசம் பத்தல" என்றார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆமாங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் சில வருடங்களே இருந்தாள். அப்பா இன்னும் இருக்கிறார். ஆதம்பாக்கத்தில் என்னோடுதான் இருக்கிறார். அந்தச் சபை இப்போது கான்கிரீட் கட்டடம். மருந்து கூடாதென்று அங்கே இப்போது யாரும் பேசுவதில்லையாம், பாஸ்டருக்கே இருதய ஆபரேஷன் ஆகிவிட்டது. அப்பாவுக்கு ரத்த அழுத்தம். காலை இட்லிக்குப் பிறகு நான் மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைப்பேன். ஒரு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு அவர் விழுங்குவார். தண்ணீர் தம்ளரை வாங்கிக்கொண்டு நான் உள்ளே வந்துவிடுவேன். மன்னித்துவிட்டாயா என்று கேட்கிறவர்கள் உண்டு. இல்லை. சோறு போடுகிறேன், அவ்வளவுதான்.

கால் போன பிறகு வந்த முதல் கிறிஸ்மஸ். அப்பா விடிகாலையிலேயே கொட்டிவாக்கத்துக்குப் போய்விட்டார். அம்மாவை வரச் சொல்லவில்லை. சுகமாகாதவளை அங்கே கொண்டுபோய் உட்கார வைப்பதில் அவருக்கு ஏதோ சங்கடம் இருந்திருக்க வேண்டும். நான் ஒரு ஆட்டோவைக் கூப்பிட்டு, அவளைக் கேட்காமலே, "கிளம்பும்மா" என்றேன். அவள் எங்கே என்று கேட்கவில்லை. பெட்டியின் அடியிலிருந்து ஒரு பச்சைச் சேலையை எடுத்துத் தரச் சொன்னாள்.

பழைய சர்ச்சில் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். பீடத்தைச் சுற்றிலும் காகிதத் தோரணமும் பஞ்சில் செய்த பனியும். பாடகர் குழுவில் அம்மா நின்ற இடத்தில் கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெண் நின்றாள். பாட்டு தொடங்கியதும் இரண்டாம் குரல் தடுமாறியது. என் பக்கத்தில் அம்மா வாயைத் திறந்தாள். எனக்கு மட்டும் கேட்கிற அளவில், தன் பகுதியைத் தவறாமல் கடைசி அடி வரைக்கும் பாடினாள். அவள் குரலுக்கு ஒன்றுமே ஆகியிருக்கவில்லை.

ஜெபத்துக்காக எல்லோரும் முழங்கால் போட்டார்கள். நானும் போட்டேன். நடுவில் நிமிர்ந்து பார்த்தபோது, அம்மா பெஞ்சில் நேராக உட்கார்ந்திருந்தாள். கண் மூடவில்லை. கை கூப்பவில்லை. கூரையில் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சர்ச் முடிந்து, கை கொடுக்க வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, ஆட்டோவில் ஏற்றி உட்கார வைத்துவிட்டு அவளிடம் கேட்டேன்.

"ஏம்மா, ஜெபம் பண்ணலியா?"

ஊன்றுகட்டையை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டாள்.

"இல்லடி" என்றாள். "ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், அத்தினி வருஷமும். குடுத்துட்டாரு. இனிமே எதுனா கேக்கறதுக்கு எனக்குப் பயமா கீது."