கலாவின் முழங்கை

போன வாரம் ஆவடியில் புதிதாகத் திறந்திருக்கும் ஜிம்மில் மகளைச் சேர்க்கப் போயிருந்தேன். கதவைத் திறந்ததும் புது ரப்பர் வாசனை. சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு கையின் படம். முழங்கையில் முக்கோணம், உள்ளங்கையில் குண்டு, நடுவில் அம்புக்குறிகள். "கை ஒரு நெம்புகோல் மாதிரி மேடம். தப்பாத் தூக்கினா மூட்டு காலி" என்று பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பாவம், அவர் மேல் இல்லை. பல வருஷமாக உள்ளே கிடக்கிற கோபம்.

அந்த வாசனைதான் முதலில் என்னை இழுத்துக்கொண்டு போனது. பள்ளியில் எங்கள் ஈட்டியின் பிடியில் சைக்கிள் ட்யூபைக் கிழித்துச் சுற்றியிருப்போம். வெயில் ஏறினால் இதே வாசனை வரும். எங்கள் என்றால் நானும் கலாவும். ஈட்டி எறிந்த பெண்கள் நாங்கள் இரண்டே பேர். அவள் அப்பாவுக்குப் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. நான் நெமிலிச்சேரியிலிருந்து ரயிலில் வருவேன். அவள் எறிந்தால் ஈட்டி விசிலடித்துக்கொண்டு போகும். நான் எறிந்தால் அது யோசித்து யோசித்துப் போகும்.

அந்த வருஷம் அறிவியல் பாடத்தில் நெம்புகோல் வந்தது. கலா தன் கையையே மடக்கி மடக்கிப் பார்த்தாள். மூட்டுதான் ஆதாரப்புள்ளி. தசை பிடித்திருப்பது அதிலிருந்து இரண்டு விரற்கடையில். பளு இருப்பதோ முக்கால் முழம் தள்ளி. தசை கொஞ்சம் சுருங்கினாலே கை பெரிய வளைவு போட்டு வந்துவிடும், அந்த வேகத்தில்தான் ஈட்டி பறக்கிறது. ஆனால் கையில் ஒரு கிலோ இருந்தால் தசை ஏழெட்டு கிலோவுக்கு இழுக்க வேண்டும். "அப்போ அந்த ராடுக்கு எவ்ளோடி?" என்று என்னைக் கேட்டாள்.

ராடு என்பது பி.டி. சார் பழைய இரும்புக் கடையிலிருந்து கொண்டுவந்த கம்பி. ஈட்டியைப்போல மூன்று மடங்கு கனம். மாவட்டப் போட்டி வரப்போகிறது, தினமும் அதை ஐம்பது முறை எறி என்றார். கலாவுக்கு முழங்கையின் உள்பக்கம் பத்து நாளாக வலி. மறுநாள் அவரிடமே போய்ச் சொன்னாள்.

"சார், முன்னால இவ்ளோ கனம் வெச்சா மூட்டு தாங்காது சார். பாடத்துலயே கீது."

"எனக்கே பாடம் நடத்துறியா? நோவுதுன்னா ஊட்ல போய் சோறாக்கு."

அவள் ராடை எடுத்தாள். நான்காவது தடவை டப்பென்று ஒரு சத்தம். கம்பி காலடியிலேயே விழுந்தது. கையைப் பிடித்தபடி மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "இன்னாமோ அறுந்துட்ச்சுடி" என்றாள். அழவில்லை.

வீட்டுப் படியில் வழுக்கி விழுந்துவிட்டுத்தான் அவள் வந்தாள் என்று தலைமையாசிரியையிடம் பி.டி. சார் சொன்னார். சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். வராந்தாவில் அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "மாவட்டத்துக்கு இப்போ நீதான் போற." நான் உள்ளே போய், "ஆமா மேடம், வுழுந்துட்டா" என்றேன். பதினைந்து வயது, பயம் என்றெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நிஜம் என்னவென்றால், உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது. மாவட்டத்தில் கடைசியாக வந்தேன். நீங்கள் சிரிக்கலாம்.

கலாவின் கை பிறகு முழுதாக நீளவே இல்லை. அந்த ஆள் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். அவர் மாலையோடு நிற்கும் போட்டோவைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு குழந்தைக்குப் புரிந்த கணக்கு அவருக்குப் புரியாமலா இருந்தது? புரிந்துகொள்ள இஷ்டமில்லை. எனக்கும்தான்.

ஜிம்மிலிருந்து மகளைக் கூட்டிவந்து வீட்டில் இறக்கிவிட்டு, நாங்கள் ஈட்டி எறிந்த மைதானத்துக்குப் போனேன். மைதானம் இல்லை. அடுக்குமாடி வீடுகள், வரிசையாகக் கார்கள். அங்கே நின்றபடியே திருநின்றவூரில் இருக்கும் கலாவுக்குப் போன் போட்டு, அன்றைக்கு நான் சொன்ன பொய்யை முதல்முறையாக அவளிடம் சொன்னேன்.

"தெரியும்டி. மேடம் அன்னிக்கே எங்கம்மாகிட்ட சொல்லிட்டாங்க."

"ஏன் என்னைக் கேக்கல?"

"அதான் உன் கல்யாணத்துக்கு வரலியே. ஏன் வரலன்னு நீயும் கேக்கல."

போனை வைத்துவிட்டாள். செக்யூரிட்டி வந்து, இங்கே குடியிருப்பவர்கள் தவிர யாரும் வண்டி நிறுத்தக் கூடாது என்றார்.