வேர்ப்பதற்காக 192 கிலோமீட்டர்: சவுனாவுக்கு விறகா, கரண்டா?

போன புரட்டாசி மாதம் மூன்றாம் சனிக்கிழமை, காலை 6.10 மணிக்கு நானும் என் மச்சான் சூசையும் நீடாமங்கலத்தில் தஞ்சாவூர் பஸ் ஏறினோம். எதற்கு என்று கேட்டால் சிரிப்பீர்கள். வேர்ப்பதற்கு. டெல்டாவில் இருந்துகொண்டு வேர்ப்பதற்காகப் பயணம் போன முதல் இரண்டு பேர் நாங்களாகத்தான் இருப்போம்.

விஷயம் இதுதான். சூசை மச்சான் என் மனைவியின் அண்ணன். முப்பத்தோரு வருடம் நெல் அவிக்கும் மில்லில் அடுப்படி வேலை பார்த்தவர். புழுங்கல் அரிசிக்கு நெல்லை வேகவைக்கிற அடுப்பு அது. குனிந்து குனிந்து உமியை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் குனிதல் இடுப்பிலேயே தங்கிவிட்டது. ஐந்து வருடமாகச் சரியான தூக்கம் கிடையாது. மாதா கோயிலில் பூசை நேரத்தில் எல்லாரும் முழங்கால் போடும்போது இவர் மட்டும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

அவர் மகள் ரீட்டா பின்லாந்தில் நர்ஸ். அந்த ஊரில் வீட்டுக்கு வீடு சவுனா உண்டாம். பலகை அடித்த சின்ன அறை, மூலையில் கல் அடுக்கிய அடுப்பு, எண்பது தொண்ணூறு டிகிரி சூடு. பத்து நிமிடம் உள்ளே உட்கார்ந்து வேர்த்துவிட்டு வெளியே வந்து குளிப்பார்கள். அப்பாவுக்கு இதமாக இருக்கும் என்று வீட்டுக் கொல்லையில் ஆறுக்கு ஐந்து அடியில் அறையே கட்டிவிட்டாள். பலகையும் அடித்தாயிற்று. அடுப்பு மட்டும் பாக்கி. விறகு அடுப்பா, கரண்ட் ஹீட்டரா என்று திங்கட்கிழமைக்குள் முடிவு சொன்னால்தான் கிறிஸ்துமஸுக்கு அவள் வருவதற்குள் வந்து சேரும். அப்பாவைக் கேட்டால், "எதையாவது வாங்கும்மா" என்கிறார். தப்பான அடுப்பு வந்து மனிதர் உட்காராமல் போனால், அந்த அறையில் உரமூட்டைதான் அடுக்க வேண்டும்.

"மாமா, ரெண்டையும் நீங்களே நேர்ல பாத்துச் சொல்லுங்க. அப்பாவையும் உக்கார வச்சுப் பாருங்க," என்றாள் போனில்.

சரியான ஆளிடம்தான் சொன்னாள். நான் படித்தது எட்டாவது என்றாலும், சூட்டைப் பற்றி என்னிடம் என்ஜினியர்கள் வந்து சந்தேகம் கேட்டிருக்கிறார்கள். குவைத்தில் பதினான்கு வருடம். ஒரு நாள் மத்தியானம் ரோட்டைக் கடக்கும்போது என் செருப்பு தாரோடு ஒட்டிக்கொண்டது. அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தேன். இன்றைக்கும் அந்த ரோட்டில் அது இருக்கும். விறகுதான் சிறந்தது என்று பஸ் ஏறுவதற்கு முன்பே எனக்குத் தெரியும். தெருவில் எல்லாரிடமும் சொல்லியும் விட்டேன்.

நீடாமங்கலம் தெரிந்தவர்களுக்கு அடுத்து என்ன என்று சொல்லவே வேண்டாம். ரயில்வே கேட். பஸ் கிளம்பி ஐந்து நிமிடத்தில் போட்டார்கள், இருபத்தைந்து நிமிடம் நின்றோம். முதலில் ஒரு சரக்கு ரயில், அதன் பிறகு எஞ்சின் மட்டும் தனியாக ஒன்று, எங்களைப் பார்த்துவிட்டுப் போவதற்காகவே வந்ததுபோல. முப்பது கிலோமீட்டரைக் கடந்து தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையம் சேரும்போது மணி 7.45. டிக்கெட் முப்பது ரூபாய்.

அங்கே அடுத்த தலைவலி. நாங்கள் வேதக்காரர்கள்; புரட்டாசி சனிக்கிழமை என்பது மண்டையில் ஏறவே இல்லை. கும்பகோணம் போகிற பஸ் எல்லாவற்றிலும் பெருமாள் கோயிலுக்குப் போகிற கூட்டம், நெற்றி நிறைய நாமம். ஐயம்பேட்டை வரை பதினைந்து கிலோமீட்டர், பதினாறு ரூபாய், ஒற்றைக் காலில் நின்றேன். மச்சானுக்கு மட்டும் ஒரு அம்மா இடம் கொடுத்தார். இந்தப் பயணம் போக நினைப்பவர்கள் புரட்டாசி சனிக்கிழமையைத் தயவுசெய்து தவிருங்கள்.

ஐயம்பேட்டையில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். கரண்ட் சவுனா வைத்திருக்கிற ரிசார்ட் ஆற்றங்கரைப் பக்கம் மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. எண்பது ரூபாய். எதற்குப் போகிறோம் என்று ஆட்டோக்காரரிடம் விளக்கமாகச் சொன்னேன்.

"வேர்க்குறதுக்கா சார்? ஆளுக்கு எவ்வளவு?"

"தொள்ளாயிரம், ஒரு மணி நேரத்துக்கு."

"இந்த வண்டியில ஒக்காருங்க சார், எண்பது ரூவாயில நான் வேர்க்க வைக்கிறேன். இப்பவே வேர்க்குதுல்ல?"

மச்சான் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெயிலில் வேர்ப்பது வேறு, சவுனாவில் வேர்ப்பது வேறு. அது உடம்பில் இருக்கிற விஷத்தை எல்லாம் பிழிந்து எடுத்துவிடும் என்று ஆட்டோக்காரருக்குப் புரியவைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து ரீட்டா வீடியோ காலில் வந்தாள்.

"மாமா, விஷமெல்லாம் வேர்வையில போகாது. கண்டபடி சொல்லாதீங்க. தசை இளகும், வலி கொஞ்சம் மட்டுப்படும், நல்லாத் தூக்கம் வரும். அவ்வளவுதான். நீங்க பிபி மாத்திரை போட்டீங்களா? டாக்டர்கிட்ட கேட்டீங்களா? வயிறு முட்ட ஒண்ணும் சாப்பிடலையே?"

தஞ்சாவூரில் இரண்டு பொங்கல், மூன்று வடை சாப்பிட்டிருந்தேன். காபி மட்டும் குடித்ததாகச் சொன்னேன்.

9.10க்கு ரிசார்ட். உடை மாற்றும் அறையில் நான் கையோடு கொண்டு போயிருந்த நல்லெண்ணெயை எடுத்து, இரண்டு பேரும் உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்துக்கொண்டு வெளியே வந்தோம். அங்கே மேனேஜர் அம்மா நின்றார்.

"ஐயா, என்னங்க இது கோலம்?"

"சனிக்கிழமைங்க. எண்ணெய் வைக்காம சூட்டுல உக்காந்தா கண்ணு என்னத்துக்கு ஆகும்?"

"பலகையிலெல்லாம் எண்ணெய் ஊறிக்கும்ங்க. அப்புறம் ஒரு மாசத்துக்குக் காறல் நாத்தம் போகாது. போய் சோப்புப் போட்டுக் குளிச்சிட்டு வாங்க, ரெண்டு பேரும்."

நல்லெண்ணெய் சோப்புக்குப் போகுமா? சீயக்காய் கேட்டால் இல்லை என்கிறார்கள். மூன்று தடவை தேய்த்தோம். எங்கள் ஒரு மணி நேரத்தில் நாற்பது நிமிடம் குழாயடியிலேயே போயிற்று. அந்த அம்மா பாவம், பத்தரை வரை இருந்துகொள்ளச் சொன்னார்.

உள்ளே போனால், மூலையில் ஒரு எஃகுப் பெட்டி, மேலே கருங்கல். அவ்வளவுதான். தீயும் இல்லை, புகையும் இல்லை, வாசனையும் இல்லை. "இது சவுனா இல்ல மச்சான், இட்லிப் பானை," என்றேன். சூடு எண்பத்திரண்டு என்று சுவரில் இருந்த முள் காட்டியது. கரண்டியால் கல்லின்மேல் கொஞ்சம் தண்ணீர் விட்டால் ஆவி 'சுர்'ரென்று எழுந்து காதைப் பிடிக்கிறது. குவைத்தைப் பார்த்த எனக்கு இது தூசு. ஆனால் ஏழாவது நிமிடத்தில் மூன்றாவது வடை நெஞ்சுக்கு ஏறியதால் வெளியே வந்துவிட்டேன்.

வந்தது நல்லதாகப் போயிற்று. 10.05க்குக் கரண்ட் போனது! ஜெனரேட்டர் இந்த ஹீட்டரை இழுக்காதாம். "பாருங்கம்மா, இதுக்குத்தான் விறகு வேணுங்கறது," என்று மேனேஜர் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: ஆறு கிலோவாட் ஹீட்டர், த்ரீ ஃபேஸ் லைன் கட்டாயம், காய நாற்பது நிமிடம், காய்ந்த கல் உடனே ஆறாது. நான் எனக்குத் தெரிந்த அறுபது விஷயத்தை அவருக்குச் சொன்னேன். ஐந்து நிமிடத்துக்குப் பிறகுதான் மச்சான் ஞாபகம் வந்தது. கதவைத் திறந்தால், இருட்டில் சுவரில் சாய்ந்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு கண்மூடி உட்கார்ந்திருக்கிறார். உள்ளே போய்ப் பதினைந்து நிமிடம் ஆகிவிட்டது. கரண்ட் போனதே அவருக்குத் தெரியவில்லை. "எந்திரிங்க மச்சான், பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்று தட்டி எழுப்பி வெளியே கூட்டிவந்தேன்.

ஆட்டோவில் ஐயம்பேட்டைக்கே திரும்பி, அங்கிருந்து கும்பகோணம் இருபத்தைந்து கிலோமீட்டர், இருபத்தைந்து ரூபாய், மறுபடி நாமக் கூட்டம். சாப்பிட்டுவிட்டு மயிலாடுதுறைக்கு முப்பத்தாறு கிலோமீட்டர், முப்பத்தாறு ரூபாய். ரோடு போடுகிறேன் என்று ஒரு பக்கத்தைக் கொத்திப் போட்டிருந்தார்கள். 2.20க்கு இறங்கி, ஆறு கிலோமீட்டர் தள்ளி இருந்த தோப்புக்கு ஆட்டோ. நூற்றைம்பது ரூபாய், பேரம் பேசியும் குறையவில்லை.

தோப்புக்காரர் தேவராஜ், கப்பலில் வேலை பார்த்துத் திரும்பியவர். தென்னைக்கு நடுவில் அசல் விறகு சவுனா கட்டியிருக்கிறார். அறையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இதுதான். ஆனால் அடுப்பு குளிர்ந்து கிடந்தது.

"தீ போடுற ஆளு இன்னிக்கு வரலீங்க," என்றார் தேவராஜ். "எனக்கு இது பத்தவே பத்தாது. புகைதான் வரும்."

நூறு கிலோமீட்டருக்கு மேல் சுற்றி வந்தால், ஆள் வரவில்லையாம்! நான் சத்தம் போட ஆரம்பிப்பதற்குள் மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்பு முன்னால் குந்தினார். விறகைத் தட்டிப் பார்த்து ஈரமானதைத் தள்ளிவைத்தார். தென்னை மட்டை வெடிக்கும் என்று ஒதுக்கினார். காய்ந்த கருவேலத்தைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, கீழே சாம்பல் கதவை விரல் அளவு திறந்து வைத்தார். ஒரே குச்சி. புகைபோக்கியில் முதல் புகைக்குப் பிறகு வெறும் அனல்தான். தேவராஜ் அசந்துவிட்டார். "எங்க ஊரு ஆளுங்க எல்லாம் இப்படித்தான்," என்றேன். ஒரு மணி நேரம் அவர் அடுப்பை விட்டு நகரவில்லை. நான் வீடியோ எடுத்தேன்.

4.05க்கு உள்ளே போனோம். ஐயோ, அந்தச் சூடு! மெத்தென்று பால் மாதிரி இறங்குகிறது. விறகு வாசனை, உள்ளே தீ படபடக்கிற சத்தம். நான் ராஜா மாதிரி சாய்ந்துகொண்டேன். மச்சான்தான் உட்காரவில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து அடுப்புக் கதவைப் பார்ப்பார், ஒரு கட்டை வைப்பார், கல்லுக்கு மேல் கையை நீட்டிப் பார்ப்பார்.

"உக்காருங்க மச்சான், அது எரியும்!"

"இல்ல மாப்ள, அந்தப் பக்கம் தணியுது."

வெளியே வரும்போது அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு இருந்த குஷியில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 4.45க்கு ரீட்டாவுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன்: "விறகுதாம்மா. வேற பேச்சே இல்ல. ஆர்டர் போட்டுடு." பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. டியூட்டி முடிந்ததும் போட்டுவிடுவதாகச் செய்தியும் வந்தது.

தேவராஜ் பணம் வாங்கவில்லை. பஸ் நிலையம் வரை காரில் கொண்டுவந்து விட்டார். 5.30 திருவாரூர் பஸ், நாற்பது கிலோமீட்டர், நாற்பது ரூபாய். ஜன்னல் ஓரம் மச்சான். 6.20 இருக்கும், ரோட்டோரம் ஒரு மில். அவித்த நெல் வாசனை பஸ்ஸுக்குள் வந்தது. எனக்குப் பிடித்த வாசனை அது. மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்ன மச்சான்?"

 "மாப்ள, தீயக் கண்டா எனக்குக் கை சும்மா இருக்காது. அணைஞ்சா மொதலாளி கத்துவான்னு பழகின கை. காலைல அங்க தீயே கண்ணுல படல. யாரோ எனக்காகக் காய வச்சுட்டுப் போன மாதிரி இருந்துச்சு. தூங்கிட்டேன்."

"இதை அங்கயே சொல்றதுக்கு என்ன?"

"நீங்க விறகுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டீங்க. அவளும் ஆசையா வாங்குறா. விடுங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவர்மேல் பாதி, மீதி யார்மேல் என்று சொல்ல மாட்டேன். அந்த அடுப்பு வீட்டுக்கு வந்தால் தீ போடுவது யார்? நானா? எனக்கு பீடிக்கே மூன்று குச்சி வேண்டும். ரீட்டாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. நாலு தடவை. நடுவில் சிக்னல் வேறு போயிற்று. திருவாரூரில் இறங்கி, நீடாமங்கலம் பஸ்ஸை ஒன்றை விட்டுவிட்டு நிலையத்திலேயே நின்றேன். 7.10க்கு அவளே கூப்பிட்டாள்.

"மாமா, இப்பதான் வெளிய வந்தேன். ஆர்டர் போடத்தான் பேஜத் தொறந்து வச்சிருக்கேன்..."

"மூடும்மா அத! கரண்ட் ஹீட்டர் போடு. நான் ஆரம்பத்துலேர்ந்து சொல்றது அதுதான். விறகுன்னது நீ என்ன சொல்றேன்னு பாக்குறதுக்கு."

"என்ன மாமா ஆச்சு?"

"உங்கப்பா காலைல அதுல தூங்கிட்டாரு. உக்காந்தபடியே."

 

"நெசமா தூங்குனாரா மாமா?" என்றாள். பிறகு, "ஆறு கிலோவாட்டே போட்டுடறேன்," என்றாள்.

திருவாரூரிலிருந்து இருபத்தெட்டு கிலோமீட்டர், இருபத்தேழு ரூபாய், 8.20க்கு ஊர்.

இனி உங்களுக்கு. விறகு அடுப்பு அருமையானது, நான் மறுக்கவில்லை. கரண்ட் போனாலும் கவலை இல்லை. ஆனால் புகைபோக்கி வேண்டும், அடுப்புக்கும் பலகைச் சுவருக்கும் நடுவில் தாராளமாக இடம் வேண்டும், காய்ந்த விறகு வேண்டும், சாம்பல் அள்ள வேண்டும், ஒரு மணி நேரம் தீயோடு இருக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்று முதலில் முடிவு செய்துகொண்டு அப்புறம் வாங்குங்கள். கரண்ட் என்றால் அறையை அளந்து ஹீட்டர் வாங்குங்கள். ஆறுக்கு ஐந்து, ஏழடி உயரத்துக்கு ஆறு கிலோவாட் சரியாக இருக்கிறது. த்ரீ ஃபேஸுக்குக் கரண்ட் ஆபீஸில் முன்னாடியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்; நான் நாலு தடவை அலைந்தேன். மின்வெட்டு நாளைப் பேப்பரில் பார்த்துக்கொள்ளுங்கள். பிபி, இருதயம் என்று எது இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் உள்ளே போகாதீர்கள். குடித்துவிட்டுப் போகவே கூடாது. பத்து, பதினைந்து நிமிடம் போதும். தலை சுற்றினால் உடனே வெளியே. முன்னாலும் பின்னாலும் தண்ணீர் குடியுங்கள். வடை வேண்டாம். எண்ணெயும் வேண்டாம்.

கிறிஸ்துமஸுக்கு ரீட்டா வந்தாள், போனாள். மச்சானின் இடுப்பு குணமாகிவிட்டது என்று ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ரீட்டா கேட்டால் திட்டுவாள். பூசையில் இன்னும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார். ஆனால் சனிக்கிழமை ராத்திரி தூங்குகிறார். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் அவர் வீட்டுக்குப் போய் ஹீட்டர் சுவிட்சைப் போடுவேன். ஒன்றேகால் கிலோமீட்டர், சைக்கிளில் ஏழு நிமிடம். அவர் அந்தச் சுவிட்சைத் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன். நாற்பது நிமிடம் கழித்துக் காய்ந்துவிட்டது என்று நான் வந்து கூப்பிடுவேன். அதுவரை அவர் வாசலில் நாற்காலி போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேலை.