ஊசிகள் இடம் மாறிய காலம்

போன வாரம் எங்கள் கம்பெனி ஸ்டோர்ஸுக்குப் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. ஒவ்வொன்றும் டிபன் பாக்ஸ் அளவுதான். பழகின கை சும்மா இருக்குமா? ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, ஃபேனைத் தூக்கிப் பார்த்தேன். பிராசஸர் இருந்தது, ஆனால் போர்டோடு சேர்த்து ஈயம் வைத்தே ஒட்டியிருந்தார்கள். சாக்கெட் என்ற ஒன்றே கிடையாது. மெஷின்களைப் பொருத்திக்கொடுக்க வெளிக் கம்பெனியிலிருந்து வந்திருந்த சௌம்யா என்ற பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இதுல கழட்டறதுக்கு ஒண்ணும் இல்ல சார். போச்சுன்னா போர்டோட தூக்கிப் போட வேண்டியதுதான்."

ஃபேனுக்கு அடியில் இருந்த பசை விரலில் ஒட்டிக்கொண்டது. முகர்ந்து பார்த்தேன். அந்தப் பசைக்கு வாசனையே கிடையாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மூக்கில் ஏறியது ஆயிலும் தூசியும் சேர்ந்து கருகுகிற நெடி. ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு பேக்கரிக்கு மாடியில், நான் முதன்முதலில் வேலை பார்த்த சர்வீஸ் கடையின் நெடி அது.

நான் சாத்தூர்ப் பக்கம். டிப்ளமோ முடித்துவிட்டு, ஓசூரில் வேலை மரத்தில் காய்க்கிறது என்று யாரோ சொன்னதை நம்பி வந்தவன். கடை முதலாளி வீட்டில் தெலுங்கு, கஸ்டமரிடம் கன்னடம், எங்களைத் திட்டுவதற்கு மட்டும் தமிழ். என்னோடு பெஞ்சில் உட்கார்ந்தவன் மாதேஷ். அஞ்செட்டி மலைக்கு மேலே நாட்றாம்பாளையத்துக்காரன். நான் வாயைத் திறந்தாலே, "இன்னாடா பாசை இது, சண்டைக்கு வர்ற மாதிரியே பேசறியே" என்பான். அவன் "இன்னா" என்பதை நான் கேலி செய்வேன். மத்திகிரியில் ஒற்றை அறை எடுத்து இரண்டு பேரும் தங்கியிருந்தோம். சமையல் அவன், பாத்திரம் நான். அவன் கிண்டும் களி என் தொண்டையில் இறங்க ஒரு வருஷம் ஆயிற்று.

எங்களுக்கு வந்ததெல்லாம் பெரும்பாலும் ஃபேக்டரி மெஷின்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் தூசி படியும், அவ்வளவுதான். ஷாப் ஃப்ளோர் கம்ப்யூட்டரைத் திறந்தால் இரும்புத் தூளும் ஆயில் புகையும் சேர்ந்து கறுப்புப் பஞ்சாக அப்பிக்கிடக்கும். அதனால் எங்கள் பையில் ஸ்க்ரூ டிரைவர் இருக்கிறதோ இல்லையோ, ஒரு பெயிண்ட் பிரஷ் கட்டாயம் இருக்கும். எதைத் திறந்தாலும் முதலில் பிரஷ். ஃபேன், போர்டு, சாக்கெட், எல்லாவற்றுக்கும் ஒரே பிரஷ்.

சாக்கெட் சமாச்சாரத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அலுத்துக்கொள்ளாதீர்கள். நான் கடையில் சேர்ந்தபோது கேசட் மாதிரி நெட்டுக்குத்தலாகச் செருகும் பிராசஸர்கள் போகிற காலம். எங்கள் பிழைப்பு அதற்கு அடுத்த ரகத்தில் நடந்தது. அதில் ஊசிகளெல்லாம் பிராசஸரின் அடிவயிற்றில் இருக்கும். சாக்கெட் வெறும் ஓட்டைகள், இடியாப்ப அச்சுத் தட்டு மாதிரி. பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோல். அதைத் தூக்கினால் பிடி தளரும், சிப் தானாகவே குழிக்குள் இறங்கும், கோலைச் சாத்தினால் கவ்விக்கொள்ளும். ஒரு மூலையில் தங்க நிறத்தில் முக்கோணம் போட்டிருப்பான். அதைப் பார்க்காமல் திருப்பி வைத்து அழுத்துகிற மடையனும் உண்டு. அந்த மடையன் நான்தான். ஊசி வளைந்தால் மாதேஷ் லெட் போடாத மைக்ரோ டிப் பென்சிலை எடுத்து, அதன் குழாய் நுனிக்குள் ஊசியை நுழைத்து, ஒவ்வொன்றாக நிமிர்த்துவான். "கோழிக்குக் கால் முறிஞ்சா கட்றதில்லயா, அந்த மாதிரிதான்டா" என்பான். சாக்கெட்டுக்கு ஒன்றும் ஆகாது. எத்தனை தரம் பிரஷ் போட்டாலும் ஓட்டை ஓட்டையாகவே இருக்கும்.

பிறகு ஊசிகள் இடம் மாறின. செவன் செவன் ஃபைவ் என்று நாங்கள் சொன்ன புது ரகத்தில் பிராசஸரின் அடி மொழுமொழுவென்று வெறும் புள்ளிகள்தான். ஊசிகளெல்லாம் சாக்கெட்டுக்குள் போய்விட்டன. தலைமுடியை விட மெலிசு, ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும். மேலே இரும்புக் கதவு, அதற்கும் மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி. அந்த மூடி இல்லாமலோ ஊசி வளைந்தோ போர்டைத் திருப்பி அனுப்பினால் வாரண்டி கிடையாது, அவ்வளவுதான். முதலாளி எங்களிடம் மூடியை மட்டும் தொலைக்காதே என்றார். பிரஷ்ஷைப் பற்றி அவரும் சொல்லவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சூளகிரிப் பக்கம் ஒரு ஆட்டோ பாகங்கள் கம்பெனியின் சிஸ்டம்ஸ் அதிகாரி, எங்கள் கடையிலிருந்து ஒருத்தரை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ரெண்டு பேரில் யார் என்பது இன்னும் முடிவாகவில்லை. பர்மனெண்ட்! ஓசூரில் இருந்தவர்களுக்கு இந்தச் சொல்லின் கனம் தெரியும். வீடு வாடகைக்குக் கேட்டால், பெண் கேட்டால், முதல் கேள்வியே பர்மனெண்டா காண்ட்ராக்டா என்பதுதான். மாதேஷுக்கு அது உயிர்ப் பிரச்சனை. அவனுடைய மாமன் மகள் கௌரி அஞ்செட்டியில் இருந்தாள். சின்ன வயதிலேயே இவனுக்கு அவள் என்று பேச்சு. ஆனால் மாமன் கடைசியில் ஒரே பிடியாகச் சொல்லிவிட்டார்: "கம்பெனில பர்மனெண்ட் ஆயிட்டு வா. இல்லன்னா எம்பொண்ண கேக்காத." வேலை கிடைப்பதற்கு முன்னாலேயே சேஃப்டி ஷூ வாங்கி வைத்துவிட்டான் அந்தக் கிறுக்கன்.

அன்று காலை அந்தக் கம்பெனியிலிருந்து ஃபோன் வந்தது. உற்பத்தி லைன் கடைசியில் டெஸ்டிங் செய்கிற கம்ப்யூட்டர் சூடாகிச் சூடாகி நின்றுபோகிறது, உடனே ஆள் வேண்டும். நான் மத்திகிரியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். மாதேஷ் போனான். அவ்வளவுதான் வித்தியாசம். நான் கடையில் இருந்திருந்தால் நான்தான் போயிருப்பேன், நானும் அதையேதான் செய்திருப்பேன்.

சாயங்காலம் வந்து பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். எதையும் மறைக்கவில்லை. ஃபேனைக் கழற்றி, பழைய பசையைத் துடைத்து, சிப்பை வெளியே எடுத்திருக்கிறான். தூக்கும்போது கறுப்புத் தூசி சாக்கெட்டுக்குள் கொட்டியிருக்கிறது. சூப்பர்வைசர் பின்கழுத்தில் மூச்சு விடுகிற தூரத்தில் நின்று, லைன் நிக்குது லைன் நிக்குது என்கிறார். கை பழக்கத்தில் பிரஷ்ஷை எடுத்து ஒரே இழுப்பு.

"பிரஷ்ஷு மயிரு ஊசில மாட்டிக்கிச்சுடா. இழுத்தன் பாரு, ஒரு வரிசையே படுத்துக்கிச்சு."

பென்சிலால் நிமிர்த்தப் பார்த்திருக்கிறான். அது அந்தப் பழைய ஊசி இல்லையே. ஒன்று ஒடிந்து கையோடு வந்துவிட்டது. பெங்களூரிலிருந்து வேறு போர்டு வந்து சேரும்வரை லைன் நின்றது. சிஸ்டம்ஸ் அதிகாரி சத்தம்கூடப் போடவில்லையாம். "கேட் பாஸ வாசல்ல குடுத்துட்டுப் போப்பா" என்றாராம். முதலாளிதான் எல்லாருக்கும் சேர்த்துக் கத்தினார். "ஏமிரா இது! ஒரே பிரஷ்ல என் பொழப்பையே பெருக்கிட்டியேரா!" அதற்குப் பிறகு மாதேஷை ஃபேக்டரிப் பக்கமே அனுப்பவில்லை. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வைரஸ் எடுக்க அனுப்பினார்.

அடுத்த மாதம் அந்த வேலை எனக்கு வந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. அறையில் சொன்னபோது மாதேஷ் களியைக் கிண்டிக்கொண்டே, திரும்பாமல், "நீயாச்சும் போடா. நீ போலன்னா வேற எவனோ போவான்" என்றான். சாப்பிட்ட பிறகு அந்த சேஃப்டி ஷூவை எடுத்து என் முன்னால் வைத்தான். "எனக்கு எதுக்கு இது, ஏர் ஓட்டவா?" எனக்கு அது பெரிது. இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுக்கொண்டு முதல் நாள் வேலைக்குப் போனேன்.

கௌரியை ஓசூரிலேயே ஒரு பர்மனெண்ட்காரனுக்குக் கொடுத்தார்கள். மாதேஷ் கல்யாணத்துக்குப் போய், பந்தியில் பரிமாறிவிட்டு வந்தான். அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. போகாமல் இருந்திருக்கலாம் இல்லையா? அந்த மழைக்காலத்திலேயே கடையை விட்டு ஊருக்குப் போய்விட்டான். ராகி போட்டான். அவன் ஊர்ப் பக்கம் ராகி கதிர் முற்றினால் காட்டிலிருந்து யானை வரும், கொல்லையில், அதாவது வயலில், பரண் கட்டிக் காவல் இருக்க வேண்டும். மூன்றாவது போகமோ என்னவோ, பரணிலிருந்து இறங்கி யானையை விரட்டப் போனவனை அது அடித்துவிட்டது.

விஷயம் தெரிந்து நான் போனபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது. அவனுடைய அப்பா கொல்லை ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். யானை மிதித்தது போக மீதி ராகி அறுக்காமல் நின்றது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஓசூரில் கூட இருந்தவன் என்றேன்.

"எந்தக் கம்பெனிப்பா நீ?"

சொன்னேன்.

"அதுலதான் எம்மவனுக்கும் கெடைக்க இருந்துச்சு. பர்மனெண்ட்டு." ராகியைப் பார்த்துக்கொண்டே, "கெடைச்சவன் நல்லா இருக்கறானா?" என்று கேட்டார். ஆமாம் என்று மட்டும் சொன்னேன்.

அந்தச் சர்வீஸ் கடை போய்விட்டது, மாடியையே இடித்துக் கட்டிவிட்டார்கள். முதலாளி ஆந்திரா பக்கம் போய்விட்டார் என்று கேள்வி. ஓட்டை வைத்த சாக்கெட்டும் போயிற்று. இப்போது சின்ன மெஷின்களில் சாக்கெட்டே இல்லை. இதெல்லாம் போகட்டும், கருவிகள் போவதற்கு அழ முடியுமா?

நேற்று ஹெச்.ஆரில் கூப்பிட்டுச் சொன்னார்கள். சிஸ்டம்ஸ் பிரிவு முழுவதையும் வெளிக் கம்பெனிக்குக் கொடுக்கிறார்களாம். இனி சௌம்யா மாதிரி ஆட்கள் வருவார்கள், காண்ட்ராக்ட் முடிந்ததும் போவார்கள். எனக்கு ஏதோ கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள், அதைப் பற்றி நான் குறை சொல்லப் போவதில்லை. என் இடத்துக்கு யார் என்று கேட்டேன். "அந்த இடமே இல்ல சார், எடுத்தாச்சு" என்றார் அந்த ஹெச்.ஆர். தம்பி, ரொம்ப மரியாதையாக. மாதேஷ் அந்த இடத்துக்காகத்தான் ஷூ வாங்கி வைத்தான். அது கிடைக்காததால்தான் ராகிக் கொல்லைக்குப் போனான்.