நுவரெலியாவில் ஒற்றைக் கண் குதிரையும் என் அக்கா மகளும்

நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஏப்ரலில், பந்தயமும் பூக்களும் பார்க்கப் போகிறார்கள். நான் போனது மார்ச் கடைசியில், கூட்டம் வருவதற்கு முன்னால். ஊர் பார்க்கும் ஆசை எனக்கு இல்லை. அக்கா மகள் பாக்கியத்தைக் கூட்டிக்கொண்டு வரத்தான் போனேன். ஆனாலும் போன வழியையும் ஆன செலவையும் எழுதுகிறேன், யாருக்காவது உதவட்டும்.

பாக்கியத்துக்குப் பதினாறு வயது. என் அக்கா நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்தவள், காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். எங்கள் ஆட்களுக்கு வாக்குரிமையும் பறிபோய்ப் பிரசாவுரிமையும் கிடைக்காத பிறகு இங்கே இனி என்ன இருக்கிறது என்று அவள் புருஷன் இந்தியாவுக்குப் போய்விட்டார். போகும்போது பெண்ணைக் கொழும்பில் ஒரு பங்களாவில் வீட்டு வேலைக்கு விட்டுப் போனார். எது சொன்னாலும் பாக்கியம் "சரிங்க" என்பாள். விடிந்து பார்த்தால் ஆள் இருக்க மாட்டாள். முதல் வீட்டிலும் அப்படித்தான், அடுத்த வீட்டிலும் அப்படித்தான். இரண்டாவது தடவை ஓடியபோது டிக்கட் இல்லாமல் இரவு மெயில் ரயிலில் ஏறி, ஹட்டனில் இறங்க வேண்டியவள் தூங்கிப்போய், பட்டிப்பொல ஸ்டேஷனில் இறக்கிவிடப்பட்டாள். மலை உச்சிக் குளிரில் விறைத்துக்கிடந்த பிள்ளையை ரயில்வேக்காரர்கள் நுவரெலியாவிலுள்ள ஹமீது நானா என்ற முஸ்லிம் பெரியவரிடம் சேர்த்தார்கள். நானா வாடகைக் குதிரைகள் வைத்திருப்பவர். ஆளில்லாத பிள்ளைகளை அழைத்து வைத்துக்கொள்வார் என்று அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

நான் கண்டியில் புடவைக்கடையில் வேலை பார்க்கிறேன். ஒரே அறையில் நான்கு பிள்ளைகளோடு குடித்தனம். அவரிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எட்டு மாதம் ஓடிவிட்டது. இப்போது திருச்சிப் பக்கமிருந்து வந்த ஒருவர், தகப்பன் மகளை அனுப்பச் சொல்வதாகச் செய்தி கொண்டுவந்தார். அடுத்த வாரம் செய்தி கொண்டுவந்தவரே அவளைக் கூட்டிக்கொண்டு தலைமன்னாரில் கப்பலேறுவதாக ஏற்பாடு. பயணப் பத்திரமெல்லாம் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். எனக்கு ஒரே பயம்தான். இந்தப் பிள்ளை வழக்கம்போல "சரிங்க" என்று சொல்லி, கரையில் இறங்கிய இடத்தில் ஓடிவிட்டால் அதோடு எங்கள் யாருக்கும் இல்லாமல் போய்விடுவாள்.

கண்டியில் காலை எட்டரைக்கு ரயில். பேராதனைச் சந்தியில் மாற வேண்டும், அங்கே ஒரு மணி நேரம் காத்துக்கிடந்தேன். நானுஓயாவுக்கு மூன்றாம் வகுப்பில் இரண்டு ரூபாய்க்குள் முடிந்துவிடும். இடப்பக்க ஜன்னலைப் பிடித்துக்கொண்டால் தலவாக்கலைக்குப் பக்கத்தில் நீர்வீழ்ச்சி தெரியும் என்றார்கள். எனக்கு மூடுபனி மட்டும்தான் தெரிந்தது. ஹட்டனில் ஏறிய பெண்ணொருத்தி உட்கார்ந்த உடனேயே, "எந்தத் தோட்டங்க?" என்றாள். மலையகத்தில் பெயரைக் கேட்பதற்கு முன்னால் இதைத்தான் கேட்பார்கள். பதினைந்து வருஷமாகக் கண்டியில் இருக்கிறேன் என்றேன். "அது சரி, அதுக்கு முந்தி எந்தத் தோட்டம்?" என்றாள். விடுவாளா?

நானுஓயாவிலிருந்து நுவரெலியா ஐந்து மைல். பஸ்ஸுக்கு இருபத்தைந்து சதம். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பந்தயத் திடலைச் சுற்றிப் போகும் ஒழுங்கையில் அரை மைல் நடந்தால் நானாவின் லாயம். அந்த அரை மைலில்தான் எனக்கு ஒன்று நேர்ந்தது.

பனிக்குள்ளே எதிரில் குளம்புச் சத்தம் கேட்டது. அடுத்த கணம் நான் ரோட்டோர வடிகால் கானுக்குள் நின்றுகொண்டிருந்தேன். குடையை மடக்கிவிட்டேன், தலை குனிந்துவிட்டது. எதையும் யோசித்துச் செய்யவில்லை. நான் பிறந்த தோட்டத்தில் துரை குதிரையில் வந்தால் ஆணும் பெண்ணும் கானுக்குள் இறங்கித்தான் நிற்க வேண்டும். தலைத்துண்டை எடுக்க மறந்த என் அப்பாவுக்குச் சாட்டை வீச்சு விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். நல்ல துணியில் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு கண்டியில் நடமாடும் மனுஷன், கணுக்காலளவு சேற்றில் நிற்கிறேன்.

"மாமா! அங்க ஏன் எறங்குனீங்க? மேல வாங்க, குதிர மேல யாருமில்ல."

நிமிர்ந்து பார்த்தேன். பாக்கியம். கையில் கயிறு, பின்னால் கறுப்புக் குதிரை ஒன்று. கையை நீட்டி என்னை மேலே இழுத்துவிட்டாள். முன்னெல்லாம் என் முகத்தை நேராகப் பார்க்காத பிள்ளை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. இரண்டையும் மறைக்க, செருப்பைப் புல்லில் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

லாயத்தில் ஐந்து குதிரைகள், பாக்கியத்தோடு ஐந்து பிள்ளைகள். பிள்ளைகளைச் சும்மா வேலை வாங்குகிறார் என்றுதான் கண்டியிலிருந்து நினைத்துக்கொண்டு போனேன். அங்கே போய்ப் பார்த்தேன். சவாரிக்கு வருகிறவர் கொடுக்கும் ரூபாயில் குதிரை பிடித்து நடக்கும் பிள்ளைக்குக் கால் ரூபாய் உண்டு. நானாவின் மனைவி சுலைகா எல்லோருக்கும் ஒரே சட்டியிலிருந்துதான் பரிமாறினார். என் சந்தேகத்தை வெளியே சொல்லாமல் விட்டதே நல்லது.

பாக்கியத்தின் குதிரைக்குக் கருப்பி என்று பெயர். பந்தயத்தில் ஓடி, இடது கண் போனதும் கழித்துவிடப்பட்ட பெட்டைக் குதிரை. கண் இல்லாத பக்கம் ஓசையில்லாமல் போனால் மிரண்டு உதைக்கும். அதனால் அந்தப் பக்கம் போகிறவள் "நான்தான் வர்றேன், இப்ப இங்க நிக்கிறேன், முதுகுல கை வைக்கிறேன்" என்று பேசிக்கொண்டே போக வேண்டும். விலகும்போதும் சொல்லிவிட்டுத்தான் விலக வேண்டும். வாய் திறக்காத பிள்ளைக்கு எதற்கு இந்தக் குதிரையைக் கொடுத்தீர்கள் என்று நானாவிடம் கேட்டேன்.

"நான் எங்க குடுத்தேன் தம்பி? அவ வந்த அன்னைக்கு மத்த குதிரைக்கெல்லாம் ஆள் இருந்திச்சு. இது மட்டும்தான் மிச்சம்," என்றார் அவர். "மொதல் மாசம் பேச மாட்டேன்னுதான் இருந்தா. தொடையில ஒரு ஒத வாங்குனா பாருங்க, அதுக்குப் பொறகு பேசத் தொடங்கிட்டா."

"இப்ப நிப்பாட்ட ஏலாது," என்றார் சுலைகா. "அம்மா செத்தது, கொழும்புல பட்டது, எல்லாத்தையும் அது காதுலதான் சொல்லிக்கிட்டு இருப்பா."

சாயங்காலம் தேங்காய் ரொட்டி தின்றுகொண்டிருக்கும்போது தகப்பன் செய்தியைச் சொன்னேன். பாக்கியம் ரொட்டியைத் தட்டில் வைத்தாள். தலை குனிந்துகொண்டது. "சரிங்க மாமா," என்றாள்.

அந்தச் "சரிங்க"வை எனக்குத் தெரியும். நானாவைத் தனியே அழைத்து, ராத்திரிக்குக் கேட்டைப் பூட்டி வையுங்கள் என்றேன். "அதுக்குப் பூட்டே இல்ல," என்றார் அவர். "பூட்டி வச்ச எடத்துல இருந்து ஓடி வந்ததுகதான் இங்க இருக்கிறது எல்லாம்." பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மூன்று ரூபாய்க்கு ஓர் அறை எடுத்தேன். கம்பளி போதாது, தூக்கமும் வரவில்லை.

காலையில் தேநீர்கூடக் குடிக்காமல் லாயத்துக்கு ஓடினேன். அவள் கருப்பிக்குப் பக்கத்தில் நின்றாள். என்னைக் கண்டதும் குதிரையிடம், "நான் இப்புடி மாமாகிட்டப் போறேன், இந்தா வந்துர்றேன்," என்று சொல்லிவிட்டு என் முன்னால் வந்தாள்.

"மாமா, நேத்து சரின்னேன்ல, அது பொய்யிங்க. ராத்திரி துணிய எடுத்துக்கிட்டு கேட்டு வரைக்கும் போயிட்டேன்." திரும்பிக் குதிரையைக் காட்டினாள். "சொல்லாமப் போனா இது பயந்துரும். நீங்களும் பயந்து எங்கெங்கயோ தேடுவீங்க. அதான் திரும்பி வந்துட்டேன். நான் இந்தியாவுக்குப் போகலிங்க."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கடையில் இரண்டு நாள் சம்பளம் போனதைச் சொன்னேன். பெற்ற தகப்பன் கூப்பிடுகிறான், உனக்கு நெஞ்சில் ஈரமில்லையா என்று கேட்டேன். செத்த அக்காவையும் இழுத்தேன். கண்ணில் தண்ணீர் வழிய வழிய அவள் நின்றாள். நான் திட்டி முடிக்கும்வரை அந்த இடத்தைவிட்டு ஓரடி நகரவில்லை. இரண்டு பங்களாக்களிலிருந்து ஓடியவள் இவள்தானா என்று தோன்றியது.

"உங்கப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?" என்றேன்.

"நீங்க சொல்ல வேணாம் மாமா. கண்டிக்கு வந்து அந்த ஆளுகிட்ட நானே சொல்றேன். நாளைக்கு இங்க திரும்பிருவேன்."

வந்தாள். புடவைக்கடை வாசலில் அந்த ஆளின் முகத்தைப் பார்த்து, அப்பாமேல் கோபமில்லை, அங்கே வர மனமில்லை, இங்கே தனக்கு வேலை இருக்கிறது என்று சொன்னாள். என் மனைவி அன்றிரவு அவளைத் தன் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டாள். தகப்பன் மனம் நோகும் என்பது எனக்குத் தெரியும். நான் செய்தது சரிதானா என்று இன்னும் எனக்கு நிச்சயமில்லை.

போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். ஏப்ரலில் அறை வாடகை இரட்டிப்பாகும், முன்பே சொல்லி வையுங்கள். கம்பளி கையோடு கொண்டுபோங்கள். குதிரைச் சவாரி அரை மணிக்கு ஒரு ரூபாய், பேரம் பேசாதீர்கள், அதில் பிள்ளைகள் பங்கும் இருக்கிறது. கயிறு பிடித்து வரும் பிள்ளையிடம் எந்தத் தோட்டம், அப்பா அம்மா எங்கே என்று துருவாதீர்கள். குதிரையைப் பற்றிக் கேளுங்கள், சவாரி முடிந்த பிறகும் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஒரு நாள் மிச்சமிருந்தால் பட்டிப்பொல வரை ரயிலில் போய் வாருங்கள். இந்தத் தீவிலேயே உயரமான ஸ்டேஷன் அது. அங்கே பெஞ்சில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தாலே போதும், எப்பேர்ப்பட்ட குளிர் என்று விளங்கும்.

மறுநாள் காலை பாக்கியத்தைக் கண்டி ஸ்டேஷனில் ரயிலேற்றினேன். டிக்கட்டை அவளே கவுண்டரில் கேட்டு வாங்கினாள். விசில் ஊதியதும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "போயிட்டு வர்றேன் மாமா," என்றாள். அந்தப் பிள்ளை எங்கிருந்தும் அப்படிச் சொல்லிக்கொண்டு புறப்பட்டதை நான் அதுவரை கேட்டதில்லை. போயிட்டு வாம்மா என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது.